முதல் பந்தியில் ஆறு பேர்

சென்னையில் தனசேகரன் என்ன வேலை பார்க்கிறான் என்பது அவன் ஊரில் பதினோரு வருடமாகத் தீராத சந்தேகம். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் நாலு கிலோமீட்டர் ஏறினால் வருகிற ஊர் அது. வாத்தியார் வேலை, போலீஸ் வேலை, திருப்பூர் வேலை எல்லாம் அங்கே எல்லோருக்கும் தெரியும். 'பிசினஸ் கன்டினியூட்டி, ரிஸ்க் மேனேஜ்மென்ட்' மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

அவனும் சொல்லிப் பார்த்தான். "வெள்ளம் வந்தாலும், தீப்புடிச்சாலும், ஆபீஸ் வேலை நிக்கக் கூடாது. அதுக்குத் திட்டம் போடறதுதான் நம்ம வேலை."

"அப்ப வாட்ச்மேனா?"

"இல்லப்பா. இன்னா இன்னா வரலாம்னு முன்கூட்டியே யோசிச்சு எழுதி வைக்கணும்."

"ஓ, ஜோசியமா."

"அதுவும் இல்ல."

"சரி, வெள்ளமே வரலன்னா?"

"அப்பவும் சம்பளம் உண்டு."

அந்தக் கடைசிப் பதில்தான் ஊரில் அவனுக்கு ஒரு மரியாதையைக் கொடுத்தது. நடக்காத காரியத்துக்கு மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவன் லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியாது. அம்மா மங்கம்மாள் மட்டும் யார் கேட்டாலும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள்: "ஆபீஸு உழுந்துடாம புடிச்சிக்கினு நிக்கறான்."

உண்மையில் அவன் ஆபீஸைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரே ஒரு தடவைதான். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்த்து அனுப்புகிற கம்பெனி அது. டைப் அடிக்கிற வேலைக்கு அவன் சேர்ந்த வருடம் சென்னையில் பெருமழை. ஊரே மிதந்த அந்தக் காலையில் ஆபீஸுக்குள் இருந்த ஒரே ஊழியன் தனசேகரன். காரணம் கடமை உணர்ச்சி இல்லை. மேன்ஷன் அறை ஒழுகியதால் முந்தின நாளே மீட்டிங் ரூமில் வந்து படுத்துவிட்டான். எழுந்து பார்த்தால் கீழே இறங்க வழியில்லை. மலைக்காரன், மழைக்குப் பதறவில்லை. கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டர்களைத் தூக்கி மேஜைமேல் வைத்தான். தண்ணீர் ஏறுவதற்குள் மெயின் ஸ்விட்சை அணைத்தான். வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு ஒரு மெயில் தட்டினான்: "ஆபீஸில் தண்ணீர். நான் இங்கேயே இருக்கிறேன்."

யாராவது வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்ற பொருளில்தான் அவன் எழுதினான். கடல் தாண்டிப் போனதும் அது வீரவசனமாகிவிட்டது. தலைமையகத்தில் அதைச் சட்டம் போட்டு மாட்டியதாகக் கேள்வி. தனசேகரனுக்கு ஒரு கண்ணாடிக் கேடயமும், புதிதாகத் திறந்த துறையில் ஒரு நாற்காலியும் கிடைத்தன.

அதற்கப்புறம் அவன் நிஜமாகவே உழைத்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று பரீட்சை எழுதினான், அதில் ஒன்றை மூன்று தடவை எழுதினான். எதைப் பார்த்தாலும் 'இது நின்றுபோனால் என்ன ஆகும்?' என்று கேட்கப் பழகினான். லிஃப்டைப் பார்த்தால் கேட்டான், டீ மெஷினைப் பார்த்தால் கேட்டான், பெண் பார்க்கப் போன இடத்திலும் கேட்டான், அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்கள் சேர்ந்தன. குரங்குக்குட்டியைவிட வால் நீளம். ஆபீஸ் முழுவதற்கும் அறுபத்தொரு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதினான். அது நல்ல திட்டம். அதில் ஒரே ஒரு கோளாறுதான் இருந்தது. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் கடைசியில் தனசேகரன்தான் வந்து நிற்பான்.

வேறு யாரையும் நம்ப அவனால் முடியவில்லை. ஆபத்து என்றால் முதலில் அவனுடைய போனுக்குச் செய்தி வரும். அதற்கென்று ஒரு செயலி, அவன் முகத்தைக் காட்டினால்தான் திறக்கும். வேறு யாரும் தெரியாத்தனமாக அழுத்திவிடக் கூடாது என்று அவனே கேட்டு வாங்கிய ஏற்பாடு. அவன் அழுத்தினால் நாலு மாடிக்கும் பொறுப்பான நாலு மேனேஜர்களுக்குப் போகும், அவர்கள் தங்கள் மாடி ஆட்களைக் கூப்பிடுவார்கள். தனசேகரன் கிடைக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் மூன்றாம் மாடி மோகன் பெயரை எழுதி, பக்கத்தில் தன்னுடைய இரண்டாவது சிம் நம்பரைப் போட்டிருந்தான். அதற்கும் கீழே இன்னொரு கட்டம். காலியாக விட்டால் படிவம் நகரவில்லை. அதனால் ரிசப்ஷன் லேண்ட்லைன் நம்பரைப் போட்டு மூடிவிட்டு அதை அன்றைக்கே மறந்துபோனான்.

*

இந்த வருடம் ஆவணியில் தங்கை காவியாவுக்குக் கல்யாணம். அதே ஆவணியில் அவனுக்குத் துறைத்தலைவர் பதவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பதவியைக் கையில் வைத்திருந்தவர் ராஜேஸ்வரி மேடம். கம்பெனியின் மொத்த ஆபத்துக்கும் அதிகாரி. அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தனசேகரன், ஹெட் ஆபீஸ் ஒரு டிரில் வைக்கப்போறாங்க. ரெண்டு வாரத்துல என்னைக்கு வேணாலும் வரும், எனக்கே தேதி தெரியாது. ஒரு மணி நேரத்துல நூத்துக்குத் தொண்ணூறு பேர் பத்திரமா இருக்காங்கன்னு பதில் வந்தாகணும். வந்துட்டா திங்கக்கிழமை உங்க கையில லெட்டர். வரலன்னா வெளியில இருந்து ஆள் எடுப்பாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"வந்துடும் மேடம். நல்ல திட்டம்னா போட்டவன் இல்லாதப்பவும் ஓடணும்" என்றான் தனசேகரன். அது பரீட்சைப் புத்தகத்தில் இருந்த வாக்கியம். சொல்லும்போது டையைச் சரிசெய்துகொண்டான்.

வேலை நாள் பத்து. கல்யாணம் அதில் ஒன்று. பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு, ஆகவே 'குறைவு', ஆகவே அவன் ஆபத்து அட்டவணையில் பச்சை. பச்சை பூசிய கட்டத்தை அவன் அப்புறம் திரும்பிப் பார்க்கிற வழக்கமில்லை. அந்தத் தெம்பில் ராஜேஸ்வரி மேடத்தையும் நாலு மாடி மேனேஜர்களையும் கல்யாணத்துக்கு அழைத்தான். சும்மா அழைக்கவில்லை. ஏசி வேன் பேசி, நீங்கள் வராவிட்டால் எனக்கு மரியாதையே இல்லை என்று ஒவ்வொரு மேஜையாக நின்று அழைத்தான். தன் மேலதிகாரிகள் வேனிலிருந்து வரிசையாக இறங்குவதை ஊர் பார்க்க வேண்டும், ஜோசியமா வாட்ச்மேனா என்ற பேச்சு அன்றோடு ஒழிய வேண்டும். முக்கியமான ஆட்கள் இரண்டு பேருக்கு மேல் ஒரே வண்டியில் பயணம் செய்யக் கூடாது என்பது அவனுடைய திட்டத்தின் முப்பத்தொன்றாம் பக்கம். எழுதியவனுக்கு எழுதியதெல்லாம் ஞாபகம் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லையே.

கல்யாணத்துக்கும் ஒரு திட்டம் போட்டான். பதினான்கு பக்கம், நாற்பத்திரண்டு ஆபத்துகள், சிவப்பு மஞ்சள் பச்சை என்று கலர் அடித்த அட்டவணை. சமையற்காரர் வராவிட்டால் கணியம்பாடியில் ஒரு சமையற்காரர் தயார். மேளம் வராவிட்டால் சந்தவாசலில் ஒரு செட்டு. மழை வந்தால் தார்ப்பாய். மாப்பிள்ளையின் செருப்பு அறுந்தால் அதே சைஸில் இன்னொரு ஜோடி.

மங்கம்மாள் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "சேல பார்டரு மாரி நல்லாத்தான் கீது."

காவியா வேலூரில் லேப் டெக்னீஷியன். ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கேட்டாள். "ஏண்ணா, மேளத்துக்கு மாத்தாளு போட்டுக்கீற, சமையலுக்குப் போட்டுக்கீற. மாப்ளைக்கு மாலை போட்டு பந்தலுக்குக் கூட்டியாறது பொண்ணோட அண்ணன். அதுக்கு யாரு மாத்தாளு?"

"நான்தான் இருக்கேனே."

"நீ இல்லன்னா?"

"நான் ஏன் இல்லாம போறேன்? கல்யாணப் பொண்ணு பேசற பேச்சா இது?"

காவியா தாளை மடித்து அவன் சட்டைப் பையிலேயே செருகினாள். "நாப்பத்தி மூணாவது பாயிண்டுன்னு எழுதிக்கோ."

அவன் எழுதிக்கொள்ளவில்லை. அவன் கவலையெல்லாம் கரண்டைப் பற்றித்தான். ஆவணிக் காற்றுக்கு மலையில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. மைக், விளக்கு, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாம் அதை நம்பித்தான். ஊரில் ஜெனரேட்டர் விஷயத்தில் கைதேர்ந்தவர் ஒரே ஆள், மாதையன். தனசேகரன் அவரிடம் போய் வாடகை பேசியதோடு நிற்காமல், நிபந்தனைகள் பத்து எழுதிக் கையெழுத்தும் கேட்டான்.

மாதையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா தம்பி, நிலம் கிரயம் பண்றாப்புல கீது?"

"பழக்கம்ணா. ஆபீஸ்ல எல்லாம் இப்டித்தான். பத்தாவது பாயிண்ட படிச்சீங்களா?"

"தாலி கட்டி முடியற வரைக்கும் மிசின விட்டு நகரக் கூடாது. தனசேகரனே நேர்ல வந்து சொன்னாலும் நகரக் கூடாது." மாதையன் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களே சொன்னாலுமா?"

"நானே சொன்னாலும். பதட்டத்துல மனுசன் இன்னா வேணா சொல்வான். என்னையே நான் நம்பறதில்ல."

மாதையனுக்கு அது பெரிய வார்த்தையாகப் பட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தாளின் இன்னொரு பிரதியை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

*

கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்கு வேன் வந்து நின்றது. ராஜேஸ்வரி மேடம் பட்டுச்சேலையில் இறங்கினார், பின்னால் மோகனும் மற்ற மூன்று மேனேஜர்களும். ஊர் பார்த்தது. தனசேகரன் ஊர் பார்ப்பதைப் பார்த்தான். பதினோரு வருடத்து உழைப்புக்கு அந்த ஒரு நிமிடம் போதும் போல இருந்தது.

ஒன்பது இருபத்தைந்துக்குக் காற்று ஒருமுறை சுழற்றியது, கரண்ட் போனது. அதே நிமிடம் பந்தலுக்குப் பின்னால் மாதையனின் ஜெனரேட்டர் கர்ரென்று எழுந்தது. மைக் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. விருந்தாளிகளை டிபனுக்கு உட்கார வைத்துக்கொண்டிருந்த தனசேகரன் மேடத்தின் பக்கம் குனிந்து, "இதான் மேடம் நம்ம ஏற்பாடு" என்றான் அடக்கமாக. அவனுக்கு அடக்கம் வருவது அபூர்வம், அதனால் கொஞ்சம் சத்தமாகவே வந்தது.

"எக்ஸலன்ட்" என்றார் மேடம். இலையில் பொங்கல் விழுந்தது. "நீங்களும் உக்காருங்க, தனசேகரன்."

முகூர்த்தம் பத்தரைக்குள். அதற்குப் பின் ராகுகாலம். இன்னும் நேரம் இருந்தது. உட்கார்ந்தான். முதல் பந்தியில் மேடம், அவன், நாலு மேனேஜர்கள், ஆக ஆறு பேர்.

ஒன்பது முப்பத்தைந்துக்கு அவன் போன் துடித்தது. தலைமையகத்திலிருந்து செய்தி: 'இது ஒத்திகை. சென்னை அலுவலகம் மூடப்பட்டது. உங்கள் திட்டத்தைத் தொடங்கவும். அறுபது நிமிடம்.'

பச்சைக் கட்டம் சிவந்துவிட்டது. இருந்தாலும் தனசேகரன் கலங்கவில்லை, இதற்காகத்தானே பிறந்தோம் என்பதுபோல எழுந்தான். பொங்கல் கையைத் துடைத்து, போனை முகத்துக்கு நேரே பிடித்தான். செயலி திறந்தது. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே பார்த்தால் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. இரண்டாவது சிம்மும் அப்படியே.

"மேடம், உங்களுக்கு சிக்னல் கீதா?" அவனை அறியாமல் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

மேடம் பார்த்தார். இல்லை. மோகனுக்கு இல்லை. யாருக்கும் இல்லை. ஆறு பேரும் பந்தியை விட்டு எழுந்து போனை உயரத் தூக்கிக்கொண்டு பந்தலின் நாலு மூலைக்கும் நடந்தார்கள். பட்டணத்துக்காரர்கள் வீடியோ எடுப்பதாக நினைத்து ஊர்ப்பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்கள். ஒரு பெரியவர் தன் பக்கமும் எடுக்கச் சொல்லிக் கையாட்டினார்.

தனசேகரன் ஜெனரேட்டரிடம் ஓடினான். "மாதையண்ணா, டவர் ஏன் செத்துப்போச்சு?"

"கரண்ட் போச்சில்ல? டவர்ல பேட்ரி பழசு, பத்து நிமிசம் தாங்கும். அப்பறம் டீசல் மிசின் போடணும்."

"போடலையா?"

"யாரு போடறது?"

"டவர் மிசின யாரு போடுவாங்க எப்பவும்?"

மாதையன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான்தான் தம்பி."

தனசேகரன் அங்கிருந்த டீசல் கேன்மீது உட்கார்ந்துவிட்டான். மலையில் கரண்ட் போனால் டவரை உயிரோடு வைத்திருக்கிற ஒரே ஆளை, ஆராய்ந்து, பேரம் பேசி, கையெழுத்து வாங்கி, இங்கே கொண்டுவந்து கட்டிப்போட்டிருப்பது அவன்தான். அவனுடைய கல்யாணத் திட்டம் பிசகில்லாமல் வேலை செய்கிறது. அதனால்தான் ஆபீஸ் திட்டம் வேலை செய்யவில்லை.

"அண்ணா, கல்யாணம் இருட்டுல நடந்தாலும் பரவால்ல. போய் டவர் மிசின போடுங்க."

மாதையன் பர்ஸிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மரியாதையோடு பிரித்தார். பத்தாவது பாயிண்டில் விரலை வைத்தார்.

"அது நான் எழுதுனதுதான்! நானே சொல்றேன், போங்க."

"நீங்களே வந்து சொல்வீங்கன்னுதான் தம்பி எழுதிக்கீறீங்க. பதட்டத்துல மனுசன் இன்னா வேணா சொல்வான்னீங்க. கரெக்டா சொல்லிக்கீறீங்க, நான் அசந்துட்டேன்."

"சரி, சாவியாவது குடுங்க."

"டவர் சாவிய யாரு கையிலயும் குடுக்கக் கூடாதுன்னு டவர் கம்பெனிக்காரங்களும் எழுதி வாங்கிக்கீறாங்க." மாதையன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "உங்கள மாரி படிச்சவங்க ஊட்டுக்கு ஊடு எழுதி வாங்கனா நாங்க இன்னா தம்பி பண்றது?"

ராஜேஸ்வரி மேடமும் மோகனும் அங்கே வந்துவிட்டார்கள். ஊரிலிருந்து இருபது நிமிடம் பைக்கில் ஏறினால் ஒரு பாறை. அங்கே நின்றால் மலைக்குக் கீழே இருக்கிற ஊர்களின் டவர் எடுக்கும். மோகன் தானே போவதாகச் சொன்னான். ஆனால் செயலி தனசேகரன் முகத்துக்குத்தான் திறக்கும், முகத்தைக் கழற்றிக் கொடுத்தனுப்ப முடியாது.

"என்னோட நம்பருக்கு ஏன் மெசேஜே வரல? ஆல்டர்நேட் நான்தானே?" என்று கேட்டான் மோகன்.

தனசேகரன் தன் போனைப் பார்த்தான். அதன் இரண்டாவது சிம்மில், டவர் போகும் முன் வந்து சேர்ந்த கடைசிச் செய்தி இருந்தது: 'அன்புள்ள மோகன்.'

"பைக் எடுங்க, தனசேகரன்" என்றார் மேடம். "இப்ப மணி ஒன்பது அம்பது. போக இருபது, வர இருபது. நீங்க அழுத்திட்டு வந்துடலாம், இவங்க நாலு பேரும் கூடவே வந்து அங்கருந்து அவங்க ஆளுங்களைக் கூப்பிடட்டும்."

அவன் மனம் கணக்குப் போட்டது. பத்து பத்துக்குப் பாறை. வட்டம் சுற்றி முடிய இரண்டு நிமிடம். திரும்பி வந்து நிற்கப் பத்து முப்பத்திரண்டு. இரண்டே நிமிடம்தான் இடித்தது. ராகுகாலம் இரண்டு நிமிடம் பொறுத்தால் துறைத்தலைவர் பதவி. தெருமுனையில் மேளம் கேட்டது. மாப்பிள்ளை ராஜேஷ் வந்து நின்றுவிட்டார், போளூரில் மோட்டார் கடை வைத்திருக்கிற பொறுமைசாலி. அண்ணன்காரன் மாலையோடு வந்து கையைப் பிடித்தால்தான் அவர் அடுத்த அடி வைப்பார், அது ஊர் வழக்கம்.

மங்கம்மாள் மாலைத் தட்டோடு தேடிக்கொண்டு வந்தாள். "டேய் சேகரு, மாப்ள நிக்கறாரு. நீ இங்க மிசின்கிட்ட இன்னாடா பண்ற?"

"அம்மா, ஆபீஸ்ல ஒரு அவசரம். பாறைக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"யாருக்கு இன்னா ஆச்சு?" அவள் முகம் மாறியது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆன மாதிரி ஒத்திகை."

"ஒத்திகையா?" மங்கம்மாள் தட்டை இடுப்புக்கு மாற்றினாள். "அப்ப அங்க நெசமா ஒண்ணும் நடக்கல."

"நடக்கல."

"இங்க நெசமா நிக்கறாருடா மாப்ள."

தனசேகரன் அம்மாவைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான், கையில் சுற்றிக்கொண்டேயிருந்த வட்டத்தைப் பார்த்தான். பந்தலுக்குள் மணவறையில் காவியா உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்கு நடுவே அவள் ஜெனரேட்டர் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி ஒன்றும் முகத்தில் இல்லை, நாற்பத்து மூன்றாவது பாயிண்டைப் பற்றிய ஞாபகம் மட்டும் இருந்தது. எட்டு வயதுப் பெண்ணாக அரூர் பஸ்ஸில் அவன் மடியில் தூங்கிக்கொண்டு வந்த முகம் அது. அதை இத்தனை பேர் நடுவில் காக்க வைத்துவிட்டு, யாருக்கும் ஆகாத ஆபத்துக்காகப் பாறைமேல் நின்று தன் முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பதை நினைத்தான்.

போனை மோகன் கையில் வைத்தான். "இது உன்னோடதுதான் மோகன், ஒரு வகையில. அப்பறம் சொல்றேன்."

மாலையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தான். முதலில் நடந்தான், பிறகு ஓடினான். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, பின்னால் என்ன நின்றுபோகிறது என்று திரும்பிப் பார்க்காமல்.

பத்து இருபதுக்குத் தாலி ஏறியது. மைக் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. கடைசி அட்சதை விழுந்ததும் மாதையன் ஜெனரேட்டரை மரியாதையாகத் தட்டிக் கொடுத்துவிட்டு, பைக்கை உதைத்து டவருக்குப் பறந்தார்.

*

பதினொன்றேகாலுக்கு, மாதையன் டவர் மிசினைப் போட்டுவிட்டுத் திரும்பி மதியப் பந்தியில் உட்கார்ந்த பிறகு, டவர் மெதுவாக விழித்து சிக்னல் வந்தது. ஆறு போன்களும் ஒரே நேரத்தில் கூவின. தனசேகரன் பார்க்கவில்லை. பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தான். ராஜேஸ்வரி மேடம்தான் படித்தார், இரண்டாம் தடவையும் படித்தார்.

"தனசேகரன், தொண்ணூத்தேழு பர்சென்ட். முப்பத்தாறு நிமிஷம். பாஸ்."

"எப்டி மேடம்?"

யாருக்கும் தெரியவில்லை. அதே நேரம் மோகன் கையிலிருந்த தனசேகரனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். ரிசப்ஷன் ஆனந்தி.

"சார், எங்க போய்ட்டீங்க எல்லாரும்? காலையில லேண்ட்லைன் அடிச்சுது சார். ஒரு மெஷின் இங்கிலீஷ்ல பேசுச்சு. உங்கள மூணு தடவை கூப்ட்டுச்சாம், எடுக்கல, மோகன் சாரும் எடுக்கல, பொறுப்பை ஏத்துக்கறதா இருந்தா ஒண்ண அழுத்துன்னுச்சு. நான் அழுத்திட்டேன் சார். தப்பா?"

"தப்பில்லம்மா. அப்பறம்?"

"அப்பறம் என்ன, எல்லாரையும் கூப்ட்டேன். மத்தியான சாப்பாட்டுக்கு மாடி வாரியா நம்பர் வச்சிருக்கேன்ல. யாருக்குச் சாம்பார், யாருக்குத் தயிர்சாதம்னு? அதுலயே ஒரு மெசேஜ் போட்டேன், 'உடனே பதில் போடலன்னா நாளைக்குச் சாப்பாடு இல்ல'ன்னு. போட்டுட்டாங்க சார். உங்க ஆறு பேரத் தவிர ஏழு பேர் போடல, அவங்க வீட்லருந்து டிபன் கொண்டு வர்றவங்க. அவங்கள ஆள் விட்டுப் பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்காங்க. எல்லாத்தையும் எண்ணி ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிட்டேன்."

அறுபத்தொரு பக்கத் திட்டத்தை ஒரு தயிர்சாத லிஸ்ட் சுமந்துகொண்டு போய்க் கரை சேர்த்துவிட்டது. தனசேகரன் பாயசக் கரண்டியோடு நின்றான்.

மேடம் முகம் மலர்ந்திருந்தது. தணிந்த குரலில் சொன்னார், "ரிப்போர்ட் சிம்பிளா போட்டுடலாம். 'முதல் நிலைக் குழு திட்டப்படி செயல்பட்டது.' ஒரு வரி. திங்கக்கிழமை லெட்டர்."

அந்த வரி நல்ல வரிதான். பெரிய கம்பெனிகள் அதைப்போன்ற வரிகளில்தான் நிற்கின்றன. அவனுக்கும் ஒரு தடவை அப்படி ஒரு வரியால்தான் வாழ்வு வந்தது. அன்றைக்கு அவன் மறுக்கவில்லை. இன்றைக்குச் சட்டை முழுக்க மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வரிசையில் மாதையன் உட்கார்ந்து, யார் வற்புறுத்தியும் இரண்டாவது வடைக்கு மறுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், முதல் நிலைக் குழு ஆறு பேரும் ஒரே வேன்ல, ஒரே பந்தியில, பொங்கல் சாப்ட்டுக்கிட்டு இருந்தோம். வேன் புக் பண்ணது நான். டவர் ஆள கட்டிப்போட்டது நான். மோகன் நம்பருக்குப் பதிலா என் நம்பர போட்டதும் நான். அப்டித்தான் எழுதப்போறேன்."

மோகன் போனைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். "அட பாவி" என்றான், ஆனால் சிரித்துக்கொண்டே.

மேடம் சிரிக்கவில்லை. "அந்த ஆறு பேர்ல என் பேரும் வரும், தனசேகரன்."

"வரும் மேடம்."

ராஜேஸ்வரி மேடம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரை நீட்டினார். "பாயசம் இன்னும் கொஞ்சம் போடுங்க. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பிட்டு ஹெட் ஆபீஸுக்கு அனுப்புங்க. இங்கிலீஷ் நான் திருத்தறேன்."

திங்கட்கிழமை லெட்டர் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. தீபாவளி கழித்து வந்தது. துறைத்தலைவர் பதவிதான், ஆனால் ஆறு மாதத்துக்குத் தற்காலிகம் என்று ஒரு வார்த்தையும் கூடவே இருந்தது. தலைமையகம் அந்த ரிப்போர்ட்டின் ஒரு வரியைப் பயிற்சிப் பாடத்தில் சேர்த்துவிட்டதாக மேடம் சொன்னார்: 'ஆறு பேரும் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.' அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. ஆபீஸில் இப்போது ஒரு கல்யாணத்துக்கு இரண்டு மேனேஜருக்கு மேல் போகக் கூடாது. அந்த விதிக்கு ஒரு எண் உண்டு, ஆனால் எல்லோரும் அதைக் 'காவியா கல்யாணம்' என்றுதான் சொல்கிறார்கள்.

லெட்டர் வந்த அன்று தனசேகரன் படிவத்தைத் திறந்தான். மாற்று ஆள் என்ற கட்டத்தில் மோகன் பெயருக்கு நேரே மோகனின் நம்பரைப் போட்டான். அதற்கும் கீழே ஆனந்தி என்று எழுதி, எழுந்துபோய் ரிசப்ஷன் மேஜை முன் நின்றான்.

"ஆனந்தி, உங்க சொந்த நம்பர் சொல்லுங்க. நான் இல்லன்னா, மோகனும் இல்லன்னா, உங்களுக்கு வரும்."

"நீங்க எங்க சார் போறீங்க?"

"தெரியல. எங்கயாவது போவேன்ல?"

ஆனந்தி நம்பரைச் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டு, சரிதானா என்று அடித்தும் பார்த்தான். மேஜைமேல் அவள் போன் அடித்தது. எடுக்கச் சொல்லவில்லை. அடித்து முடியும் வரை நின்று கேட்டுவிட்டுப் போனான்.